சோளத்தட்டையை யூரியாவில் பதப்படுத்துவது எப்படி?

கதிர் அறுத்த பின் மிஞ்சும் சோளத் தண்டும் இலையும்தான் தட்டை. முழுத் தட்டையை அப்படியே போட்டால் மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்துத் தள்ளும். மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. காய்ந்த சோளத்தட்டையில் புரதம் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குதான், மீதியில் பெரும்பகுதி நார்.

முதலில், கதிர் அறுத்ததும் தட்டையையும் அறுத்துக் காயப்போடுங்கள். வயலிலேயே விட்டால் இலை உதிர்ந்துவிடும். சத்து அதிகம் இருப்பதே இலையில்தான்.

அடுத்து, 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்குவதால் சத்து கூடாது, ஆனால் கழிவு வெகுவாகக் குறையும். யூரியாவுக்குப் பயப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் லாபம்தான்.

சரி, இனி யூரியா. 100 கிலோ காய்ந்த தட்டைக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கட்டியில்லாமல் கரையட்டும். இந்தக் கரைசலை மாடு குடித்தால் உயிரே போய்விடும், அதனால் வாளியை விட்டு நகராதீர்கள்.

தரையில் பாலிதீன் தாளை விரித்து, தட்டையைப் பத்துப் பங்காக்கி ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். ஒரு பங்குக்குச் சுமார் 5 லிட்டர் கரைசல். பூவாளியால் சீராகத் தெளித்து, நன்றாக மிதித்து அமுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. கடைசியில் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் மண் போட்டு 21 நாள் விடுங்கள். உள்ளே யூரியா அம்மோனியாவாக மாறி, நாரின் இறுக்கத்தைத் தளர்த்தும். தங்கும் நைட்ரஜனை மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் புரதமாக்கிக்கொள்ளும். தாளில் ஓட்டை இருந்தால் அத்தனையும் காற்றோடு போய்விடும்.

பிரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வரவேண்டும், தட்டை பழுப்பேறி இளகியிருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, ஓரிரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். முதல் நாள் பழைய தீவனத்தில் கால் பங்கு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்லக் கூட்டலாம். குடிக்கத் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கும் குதிரைக்கும் கூடாது. தின்ற மாடு எச்சில் ஒழுகித் தள்ளாடினாலோ வயிறு உப்பினாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனிப்புச் சாறுள்ள பச்சைத் தட்டையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். சர்க்கரையும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் நச்சால் மாடு வெறிபிடித்ததுபோல் ஓடும், அதன் பாலைக் குடிக்கும் கன்றையும் பாதிக்கும். பச்சையாக இருந்தால் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல்லாகப் (சைலேஜ்) போட்டுவிடுங்கள்.