மாடிப்படி ஏறிட்டு வந்து பிசியாலஜி படிங்க

பிளஸ் டூ பயாலஜியோ நர்சிங் ஃபர்ஸ்ட் இயரோ, பிசியாலஜில, அதாவது உடம்பு எப்படி வேலை செய்யுதுங்கிற பாடத்துல, பசங்க மாட்டிக்கிற இடம் ஒண்ணுதான். சுவாச மண்டலம் ஒரு பாடம், ரத்த ஓட்டம் ஒரு பாடம், கழிவுநீக்கம் ஒரு பாடம்னு தனித்தனியா மனப்பாடம் பண்றாங்க, ஆனா உடம்புல எதுவும் அப்படி தனித்தனியா நடக்குறதே இல்ல. அதனால மண்டலத்தை விடுங்க, ஒரு சம்பவத்தை எடுத்துக்கோங்க. நான் சொல்லித்தர்ற பசங்களுக்கு முதல்ல குடுக்குறது மாடிப்படி.

அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா ரெண்டு விரல் வச்சு நாடியை 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க, மூச்சையும் எண்ணி எழுதி வைங்க. அப்புறம் ரெண்டு மாடி வேகமா ஏறிட்டு உடனே எண்ணுங்க, பழைய நம்பர் வர்ற வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணிட்டே இருங்க. ஆஸ்துமா, இதயப் பிரச்சனை இருக்கிறவங்க தயவுசெஞ்சு ஏறாதீங்க, கூட இருக்கிறவங்கள ஏறச் சொல்லிட்டு நீங்க எண்ணுங்க போதும்.

இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு கேட்டு எழுதுங்க. தொடைத் தசைக்கு ஆக்ஸிஜன் கூட வேணும், சரி, ஆனா முதல் சில படியிலயே நாடி ஏறிடுதே? மூளை காலுக்கு உத்தரவு போடும்போதே இதயத்துக்கும் மூச்சுக்கும் சேர்த்தே சொல்லிடுது. அட்ரினலின் வருது, குடலுக்குப் போற ரத்தம் குறைஞ்சு தசைக்குத் திரும்புது, தோல் வேர்க்குது. பாருங்க, ஒரே மாடிப்படில நரம்பு, தசை, இதயம், நுரையீரல், ஹார்மோன், தோல் எல்லாம் வந்துடுச்சு.

அடுத்தது கணக்கு, இதை மட்டும் ஸ்கிப் பண்ணவே பண்ணாதீங்க. ஓய்வா இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு சுமாரா 70 மில்லி தள்ளுது, நிமிஷத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினா கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்புல இருக்குற மொத்த ரத்தமே சுமாரா 5 லிட்டர்தான்! ஒரு காலத்துல சாப்பாட்டுல இருந்து கல்லீரல் ரத்தம் செய்யுது, உறுப்புகள் அதை செலவு பண்ணிடுதுன்னுதான் நம்பிட்டு இருந்தாங்க, இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி இதே மாதிரி கணக்கு போட்டுப் பாத்துட்டு இவ்ளோ ரத்தத்தை சாப்பாட்டுல இருந்து செய்யவே முடியாது, அதே ரத்தம்தான் சுத்தி வரணும்னு 1628ல புத்தகமே போட்டார். இதயத்துல இருந்து ரத்தத்தைக் கொண்டு போற தமனியில இருந்து, திரும்பக் கொண்டு வர்ற சிரைக்கு எப்படிப் போகுதுன்னு அவரால கண்ணால பாக்க முடியல. அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு, 1661ல, இத்தாலி டாக்டர் மால்பிகி தவளை நுரையீரல்ல தந்துகிகளை, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கிற ரொம்ப மெல்லிய ரத்தக் குழாய்களை, மைக்ரோஸ்கோப்ல பாத்தார். எனக்கு ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சிலிர்க்கும்.

அதே 5 லிட்டர்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கிட்னிக்குப் போகுது. ஒரு நாளைக்கு வடிகட்டுறது 180 லிட்டர், சிறுநீரா வர்றது சுமாரா ஒன்றரை லிட்டர். அப்ப மீதி எங்க போச்சு? இந்தக் கேள்வியோட நெஃப்ரான் (கிட்னில ரத்தத்தை வடிகட்டுற குட்டிக் குட்டி அமைப்பு) பாடத்தைத் திறந்தீங்கன்னா, திரும்ப உறிஞ்சுறது ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னு தானா புரியும்.

படம் புத்தகத்தைப் பாத்து வரையாதீங்க, மூடி வச்சுட்டு வரைஞ்சு அப்புறம் சரி பாருங்க. தமனின்னா நல்ல ரத்தம், சிரைன்னா கெட்ட ரத்தம்னு யாராவது சொல்லிக் குடுத்திருந்தா இங்கதான் மாட்டுவீங்க, ஏன்னா நுரையீரல் தமனில ஆக்ஸிஜன் குறைஞ்ச ரத்தம்தான் போகுது. இதயத்தை விட்டு வெளிய போனா தமனி, இதயத்துக்கு வந்தா சிரை, அவ்ளோதான்.

மாடிப்படி முடிஞ்சா அடுத்த சம்பவம் நைட்டு 8 மணிக்கு சாப்பிட்ட நாலு இட்லி. காலைல எந்திரிக்கிற வரைக்கும் ரத்தத்துல சர்க்கரை பெருசா ஏறாம இறங்காம யார் பாத்துக்கிட்டாங்கன்னு, கணையத்துல ஆரம்பிச்சு கல்லீரல் வரைக்கும், ஒரு பக்கம் எழுதிப் பாருங்க.