கல்விக் கடன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் உதவித்தொகை, சலுகை, மானியம், கடன் என எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "காலேஜுக்குப் பணம் வரும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எந்த வார்த்தை காதில் விழுந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, கட்ட வேண்டும் என்றால் வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?

உதவித்தொகை என்றால் திருப்பிக் கட்ட வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அது இந்த வகை. முதல் பட்டதாரி சலுகை வேறு மாதிரி, பணம் உங்கள் கைக்கு வராது, கல்விக் கட்டணத்தில் குறையும். அதுவும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதல் பட்டதாரி சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

இப்போது கடன். இதில் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிற வார்த்தை 'மாரடோரியம்'. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை என்பதுதான் இதன் பொருள். "அதுவரை வட்டி இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடன் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருடம் வாங்குகிறீர்கள், 10 சதவீதம் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. ஆக, முதல் தவணை கட்டப் போகிற அன்று உங்கள் பெயரில் நிற்பது நாலு லட்சம் இல்லை, 5,40,000. இந்தக் கணக்கை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, உங்கள் வங்கி சொல்லும் வட்டி விகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முடிந்தால் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வாருங்கள், அப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் விகிதத்தில் ஒரு சதவீதம் குறைத்தும் தருகின்றன.

மேலே ஏறிய அந்த 1,40,000 வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும் வழியும் இருக்கிறது, அதற்குப் பெயர் வட்டி மானியம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால் மாரடோரியக் கால வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. வருமானச் சான்று கட்டாயம். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும், உடல்நலக் காரணம் என்றால் மட்டும் விலக்கு. 2024-இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் வருமான வரம்பு 8 லட்சம், ஆனால் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும், அதுவும் வட்டியில் 3 சதவீதம்தான் குறையும்.

'மார்ஜின்' என்பது நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. பொதுவாக 4 லட்சம் வரை மார்ஜின் கிடையாது, அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். 'கொலாட்டரல்' என்றால் வீடு, நிலம் மாதிரி அடமானம். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, அதனால் அந்தத் தொகைக்குள் பத்திரம் கேட்டால் எதற்கு என்று காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தயங்க வேண்டாம். 'கோ-அப்ளிகன்ட்' என்று கையெழுத்துப் போடும் அப்பாவோ அம்மாவோ வெறும் சாட்சி இல்லை, நீங்கள் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும், தவணை தவறினால் அவர்களுடைய சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) சேர்ந்தே விழும்.

'சாங்ஷன்' கடிதம் வந்ததும் பணம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது ஒப்புதல் மட்டும். 'டிஸ்பர்ஸ்மென்ட்' ஆகும்போதுதான், பெரும்பாலும் வருடா வருடம், நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் பணம் போகும். கல்லூரி கட்டணம் கட்டச் சொல்லும் கடைசித் தேதியை வங்கியில் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியலையும் கட்டண விவரத்தையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.