ஒரு எழுத்துக்கு மூன்று நாள்

தன்னம்பிக்கை பற்றிப் போர்த்துக்கேயத்தில் அறிவுரை கேட்டு எழுதினால், லிஸ்பனில் இருப்பவர் “எந்த நகராட்சி?” என்கிறார். இலக்கணத்தைப் புரட்டினேன், பிழையில்லை. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் வீட்டுப் பேச்சை வைத்துத் திருத்தினேன், குழப்பம் கூடியது. அது கிரியோல், அதாவது போர்த்துக்கேயம் உள்ளூர் மொழிகளோடு கலந்து பிறந்த மொழி; இலக்கணமே வேறு.

பிழை எழுத்துக்கூட்டலில். ‘கொன்செல்யு’ நடுவில் எஸ் என்றால் அறிவுரை, சி என்றால் நகராட்சிப் பிரிவு. உச்சரிப்பு ஒன்றேதான்; காதால் படித்தவருக்குப் பிடிபடாது. ஆங்கிலப் பழக்கத்தில் ‘கொன்ஃபிடென்ட்’ என்றும் எழுதியிருந்தேன். அது இரகசியம் சொல்லத்தக்க ஆள், தன்னம்பிக்கையுள்ளவர் ‘கொன்ஃபியான்ட்’.

சரிவந்தது இது: ‘ப்ரெசீசு டி உம் கொன்செல்யு. கோமு போசு டேர் மாயிஷ் கொன்ஃபியான்ஸ எம் மிம்?’ அதாவது, ஓர் அறிவுரை வேண்டும், என்மீது நம்பிக்கையை எப்படிக் கூட்டுவது? ‘ப்ரெசீசு’வுக்குப் பின் ‘டி’யை விடக்கூடாது. அன்றிரவே பதில் வந்தது, அப்பாடா.