ஹேமர் காணோமா? அவசரப்பட்டு ‘உடைசல்’ என்று சொல்லாதீர்கள்

கேப் (அடித்தால் பொறி கிளப்பும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடும் பழைய ரிவால்வர் என்றால் எல்லாருக்கும் கோல்ட்தான் ஞாபகம் வரும். கேப்பை அடிக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழு, குண்டு அறைகள் உள்ள சிலிண்டர் தானே சுழலும், ட்ரிகரை அழுத்து, அவ்வளவுதான். ஆனால் 1857 வரை அமெரிக்காவில் அந்த அமைப்புக்குக் கோல்ட்டிடம் காப்புரிமை இருந்ததால், மற்றவர்கள் சுற்று வழி தேடி என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கோல்ட் கணக்கை வைத்து அவற்றை எடைபோடுவதுதான் முதல் தப்பு.

பெட்டெங்கில் என்ற அமெரிக்க ரிவால்வரைப் பார்த்ததும் ‘ஹேமர் உடைந்துபோச்சு’ என்பார்கள். அதன் ஹேமரே உள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

சாவேஜ் நேவி என்ற இன்னொரு அமெரிக்க ரிவால்வர் இன்னும் வேடிக்கை. பெரிய கார்டுக்குள் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளைவு) மேலே ஒரு ட்ரிகர், கீழே ஒரு வளையம். வளையத்தைப் பிடிமானம் என்று நினைத்து ஆள்காட்டி விரலை நுழைப்பவர்கள் நிறைய. அது நடுவிரலுக்கு. பின்னால் இழுத்தால் சிலிண்டர் சற்றுப் பின்வாங்கிச் சுழலும், ஹேமரும் ஏறும். விட்டால் சிலிண்டர் முன்னால் வந்து குழலின் பின்முனையோடு கவ்விக்கொள்ளும், இடைவெளியில் புகை கசியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சிலிண்டர் முன்னும் பின்னும் நகர்வதைப் பார்த்து ‘லூஸ்’ என்று விலையைக் குறைத்துப் பேசினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதற்காக அது நல்ல துப்பாக்கி என்று சொல்ல வரவில்லை, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனம், பிடித்தால் முன்பக்கம் இழுக்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த டிரான்டர் ரிவால்வரிலும் (1853 காப்புரிமை) இரண்டு ட்ரிகர். கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது யாரோ ஒட்டவைத்தது இல்லை, ஹேமரை ஏற்றுவதே அதுதான். உள்ளே இருப்பது சுட.

கேப் இல்லாமல் சும்மா டக் டக் என்று அடித்துப் பார்ப்பதை விடுங்கள், நிப்பிள் (கேப்பை மாட்டும் சின்ன முளை) முனை நசுங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். பழைய நிறம் போனால் மதிப்பும் போச்சு. கருமருந்துக்குச் செய்த இரும்பில் நவீன மருந்தைப் போட்டால் வெடித்துக் கையோடு போகும்.

கடைசியாக, வால்ச் நேவி ரிவால்வர். இதில் ஒரே அறையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குண்டு, 6 அறைக்கு 12 நிப்பிள், 2 ஹேமர். முன்னதைச் சுட்டுவிட்டுப் பின்னதை அப்படியே விட்டிருந்தால், அறையின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவருக்கு அறை காலியாகத்தான் தோன்றும். ஆகவே மெல்லிய மரக்குச்சியை விட்டு ஒவ்வொரு அறையின் ஆழத்தையும் அளக்காமல், இதைக் காலி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், விற்பவர் சொன்னாலும்கூட.