குறைந்த செலவில் வீட்டு ரெக்கார்டிங்: ஆடியோ இன்டர்பேஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) 78 வயது. பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊரில் நடவுப் பாட்டு என்றால் முதல் அடி எடுத்துக் கொடுப்பது அவர்தான். இப்போது பாதி வயலில் இயந்திரம் நடுகிறது, பாட்டுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பாட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றுதான் நான் இந்த வேலையில் இறங்கினேன். மைக்கின் மெல்லிய ஒலியை ஏற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டிதான் ஆடியோ இன்டர்பேஸ். முதலில் வாங்கிய பெட்டி எங்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது சரியான பெட்டி, ஆனால் அதையும் திருப்பி அனுப்பப் பார்த்தேன். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

மைக்கை லேப்டாப்பில் நேராகச் செருகினால் ஏன் போதாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விட்டுவிட்டு நேராக வாங்கும் இடத்துக்கு வருகிறேன்.

1. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடுவார்கள்?

நெட்டில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கிட்டாரைத் தனியாக வாசித்து, அதன் மேல் பாட்டைப் பாடி அடுக்குவார். அதைப் பார்த்து ஒரே ஒரு மைக் இன்புட் உள்ள பெட்டியை வாங்கினேன். அப்பாயியை முதலில் பாட வைத்துவிட்டு, பின்பாட்டை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்பாயி ஒரு அடி பாடினார், நிறுத்தினார். "வாங்கிப் பாட ஆளில்லாம நான் யாருக்குடா எடுத்துக் குடுக்குறது?" என்று கேட்டார். நடவுப் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தக் கூட்டம் வாங்கும் வேகத்தில்தான் அடுத்த அடி பிறக்கிறது. அதைப் பிரித்து எடுக்கவே முடியாது. நாகஸ்வரமும் தவிலும் அப்படித்தான், பஜனையும் அப்படித்தான். அதனால் இரண்டு மைக் இன்புட் உள்ள பெட்டி வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை. ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி 22 இரண்டிலும் மைக் இன்புட் ஒன்றுதான். தனியாகப் பாடுகிறவருக்கு அவை போதும்.

கடையில் யூஎஸ்பி மிக்ஸர் எடுத்துக் காட்டுவார்கள். நிறைய பட்டன் இருக்கும், விலையும் ஆசை காட்டும். விலை குறைந்த மிக்ஸர்களில் பல, எல்லா மைக்கையும் ஒன்றாகக் கலந்து இரண்டே சேனலாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பின்னால் அப்பாயி குரலை மட்டும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்றால் முடியாது.

2. பெட்டியைத் தேர்வு செய்தல்

நான் வாங்கியது பெரிங்கர் யூஎம்சி 202 ஹெச்டி. இரண்டு மைக் இன்புட், 48 வோல்ட் பேன்டம் பவர் (சில வகை மைக்குக்குக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்), ஹெட்போன் துளை, விண்டோஸுக்கு அதற்கென்றே ஆசியோ டிரைவர் (ஒலி அதிகம் தாமதமாகாமல் போய்வர உதவும் மென்பொருள்). இவ்வளவு போதும். கையில் இன்னும் காசு இருந்தால் ஸ்கார்லெட் 2ஐ2 வாங்குங்கள். அதில் மைக் ஒலியை ஏற்றி இறக்கும் கெயின் குமிழைச் சுற்றிப் பச்சை, சிவப்பு என்று விளக்கு எரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது பெரிய உதவி.

192 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற கணக்கு) என்று அட்டையில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். அதில் ஒரு டிராக் (ஒரு மைக்கின் தனிப் பதிவு) நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி பிடிக்கும். 192-இல் அதே ஒரு நிமிடம் நான்கு மடங்கு இடம் கேட்கும், கேட்கிற காதுக்கு வித்தியாசம் தெரியாது.

மிச்சக் காசில் ஒரு டைனமிக் மைக் (பக்கத்தில் வைத்துப் பாடுவதற்கு, 48 வோல்ட் தேவையில்லை), ஒரு கண்டென்சர் மைக் (தள்ளி வைத்தாலும் நுணுக்கமாகப் பிடிக்கும், 48 வோல்ட் வேண்டும்), காதை முழுதாக மூடும் ஹெட்போன், இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று பின் உள்ள மைக் கேபிள்).

3. இணைத்தல்

டிரைவரை முதலில் நிறுவிவிட்டு, அப்புறம் பெட்டியைச் செருகுங்கள். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பட்டனை அழுத்த வேண்டும். சில பெட்டிகளில் அது பின்பக்கம் இருக்கும். விலை குறைந்த பெட்டிகளில் இரண்டு மைக்குக்கும் சேர்த்து ஒரே பட்டன்தான். எக்ஸ்எல்ஆர் கேபிளில் மாட்டிய டைனமிக் மைக்குக்கு அதனால் கேடில்லை. பதிவு செய்யும் மென்பொருளாக நான் ரீப்பர் வைத்திருக்கிறேன். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு லைசென்ஸ் வாங்கலாம்.

4. அந்த "ம்ம்ம்" சத்தம்

எல்லாம் மாட்டி ஹெட்போனைப் போட்டேன். அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். மைக் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். போகவில்லை. பெட்டிதான் பழுது என்று முடிவு செய்து, திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியில் கட்டியும் வைத்துவிட்டேன்.

அன்று மாலை கரண்ட் போனது. கடைசியாக ஒரு முறை பார்ப்போமே என்று லேப்டாப் பேட்டரியிலேயே பெட்டியைச் செருகினேன். ரீங்காரம் சுத்தமாக இல்லை. கரண்ட் வந்து சார்ஜரைப் போட்டதும் அதுவும் வந்தது.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை, எர்த்தில்தான் குறை. எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. சுவரில் மூன்று துளை சாக்கெட் இருந்தாலும், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே கிடையாது. எர்த் இல்லாத இடத்தில் லேப்டாப் சார்ஜரிலிருந்து கசியும் சின்ன மின்சாரம் யூஎஸ்பி வழியாக இன்டர்பேஸுக்குள் வந்து, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கிறது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறதா? அதுவும் இதே கதைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். அவசரத்துக்குப் பேட்டரியிலேயே பதிவு செய்யலாம், நானும் முதல் மூன்று பாட்டை அப்படித்தான் எடுத்தேன். அப்புறம் எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவில் மீட்டர் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். எங்களுக்குக் கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கினார். வீட்டில் எல்லோருக்கும் அது பாதுகாப்பு. எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போகும் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், உயிர்ச் சமாசாரம்.

5. அளவு வைத்துப் பதிவு செய்தல்

அப்பாயிக்கு டைனமிக் மைக், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. வாங்கிப் பாடும் மூன்று பேரை அரைவட்டமாக உட்கார வைத்து, மூன்றடி தள்ளிக் கண்டென்சர். அப்பாயி உச்சத்தில் எடுக்கும் அடியைப் பாடச் சொல்லி, மென்பொருளில் தெரியும் ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத அளவுக்குக் கெயினை வையுங்கள். மெதுவாகப் பாடும்போது வைத்தால் குலவை போடும் இடத்தில் ஒலி உடைந்துவிடும். உடைந்ததைப் பிறகு சரிசெய்வது கடினம். குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்றால் டைரக்ட் மானிட்டர் பட்டனை அழுத்துங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் பெட்டியிலிருந்தே காதுக்கு வரும். அப்பாயி ஹெட்போனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவர் காதுக்கு எதிர்க்குரல் நேரில் வேண்டும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். நாங்கள் சித்திரையில் எடுத்தோம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது, ஐப்பசி மழையில் தவளைச் சத்தம் மைக்கை நிறைத்துவிடும். பம்புசெட் ஓடாத நேரமாகப் பார்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு மைக் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்ததாம். விசாரித்தால், மைக் செட்டோடு வந்த கேபிள்: ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை தடித்த ஜாக். இந்தப் பெட்டிகளின் துளையில் இரண்டும் நுழையும். ஆனால் ஜாக்கைச் செருகினால் மைக்குக்கு வேண்டிய அளவுக்கு ஒலி ஏறாது, 48 வோல்ட்டும் வராது. இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆராக உள்ள கேபிள் வாங்குங்கள்.

இன்னொருவர் வீணைக்காரர். பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை நேராக எடுக்கும் சின்னக் கருவி) ஒட்டி வாசித்தால் மேல் தந்தியான சாரணி கேட்கிறது, கீழ்த் தந்தியான அனுமந்தரம் தகரம் மாதிரி இருக்கிறது என்றார். ஒட்டும் பிக்கப்புக்குப் பெட்டியில் 'இன்ஸ்ட்' பட்டனைப் போட வேண்டும். 'லைன்' நிலையில் கீழ் ஸ்தாயி போய்விடும். பட்டனை மாற்றும் முன் கெயினை முழுதாக இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஹெட்போனில் படீரென்று அடிக்கும்.