ஐஸ்லாந்து அருவிகளைப் படமெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தலைநகர் ரெய்க்யவிக்கில் காலையில் காரை எடுத்தால், தெற்குக் கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டரில் செல்யலாண்ட்ஸ்ஃபாஸ் அருவி வந்துவிடும். வழியில் இருக்கிறதே என்று உடனே இறங்குவதுதான் முதல் தவறு. அருவி மேற்கு பார்த்தது; காலையில் பாறை முழுக்க நிழலாக இருக்கும். நிற்காமல் இன்னும் 30 கிலோமீட்டர் போய், தெற்கு பார்த்த ஸ்கோகாஃபாஸை முதலில் எடுங்கள். பக்கத்திலேயே க்வெர்னுஃபாஸ் அருவியும் இருக்கிறது. இரண்டையும் முடித்துவிட்டு மாலை வெயிலுக்குச் செல்யலாண்ட்ஸ்ஃபாஸ் திரும்பலாம். அன்றைக்கே குல்ஃபாஸ் அருவியையும் சேர்க்காதீர்கள். அது வேறு பாதை, பகல் காரிலேயே கழிந்துவிடும். டிசம்பரில் பகலே நாலைந்து மணி நேரம்தான்.

அடுத்தது சாரல். ஸ்கோகாஃபாஸ் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. கிட்டே போனால் நொடிக்கு நொடி லென்ஸில் துளி விழும். துடைத்துவிட்டு நிதானமாக ஃபிரேம் பார்த்தால் அதற்குள் மறுபடி நனைந்திருக்கும். முதலில் ஃபிரேமையும் ஃபோகஸையும் முடித்து, மேனுவலுக்கு மாற்றுங்கள். பிறகு லென்ஸின் மேல் துணியைப் பிடித்தபடி 2 வினாடி டைமரை அழுத்தி, கடைசி நொடியில் துணியை எடுங்கள். மைக்ரோஃபைபர் துணி நாலைந்தாவது வேண்டும். ஒன்று நனைந்துவிட்டால் அது துடைக்காது, ஈரத்தைப் பூசிவிடும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது.

தண்ணீர் பட்டுப்போல் வரவேண்டுமென்று ஷட்டரை 10 வினாடி திறந்து வைப்பவர்கள் நிறைய. இவ்வளவு தண்ணீர் கொட்டும் அருவியில் அது வெறும் வெள்ளைத் துணியாகத்தான் வரும். கால் வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை போதும், நூல் நூலாக இழை தெரியும். இதற்காக லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்கினால் கூர்மை போய்விடும். எஃப் 8 அல்லது 11, ஐஎஸ்ஓ 100 வைத்து 6 ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, போடுங்கள்; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். ஷட்டர் 1/60 வினாடி இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு வினாடி கிடைக்கும். நுரை வெளுத்துப் போகிறதா என்று கேமரா காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டோகிராமில் பாருங்கள், பெரும்பாலும் ஒளியை அரை ஸ்டாப்பாவது குறைக்க வேண்டியிருக்கும்.

லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டர் ஈரப் பாறையின் பளபளப்பை எடுத்துவிடும், உண்மைதான். ஆனால் தவறான பக்கம் திருப்பினால் வானவில்லையும் சேர்த்து எடுத்துவிடும். வானவில் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள்.

டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் இரண்டுமே ஆட்டம் கொடுக்கும். ஓடும் தண்ணீரில் டிரைபாடின் காலை வைத்தாலும் அதே கதைதான். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், செல்யலாண்ட்ஸ்ஃபாஸின் பின்பக்கம் சுற்றி வருவதற்குள் தொப்பலாகிவிடும். குளிர்காலத்தில் பனி உறைந்தால் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

குளிர்ந்த கேமராவை ஹீட்டர் போட்ட காருக்குள் அப்படியே கொண்டுவந்தால் வியர்த்துவிடும். வெளியிலேயே துடைத்து, பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, டிக்கியில் போடுங்கள். பேட்டரியையும் மெமரி கார்டையும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறப்பீர்கள்.