திருநெல்வேலி வெயிலில் செர்ரி இறால் வளர்த்துப் பெருக்குவது எப்படி?

மீன் கடைத் தொட்டியில் சின்னச் சிவப்பு இறால்கள் பாசியை மேய்வதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் போகிறவர்கள் இப்போது நம்ம ஊரில் நிறையப் பேர். வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது, "குஞ்சு பொரிக்க வைக்க என்ன செய்யணும்?" ஒன்றுமே செய்ய வேண்டாம். ஆணும் பெண்ணும் இருந்து, தண்ணீரும் ஒத்துக்கொண்டால் அதுகள் பாட்டுக்குப் பெருகும். நம் வேலையெல்லாம் தண்ணீரோடுதான். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூடுதலாக வெயிலோடும்.

எந்த இறால்?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செர்ரி இறாலையே வாங்குங்கள். அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. கிழக்கு ஆசியாவின் நன்னீர் இறால். 2 முதல் 3 சென்டிமீட்டர் வளரும், ஓரிரு வருடம் உயிரோடு இருக்கும். இதில் பெரிய வசதி, முட்டையிலிருந்து வரும்போதே குஞ்சு முழு இறால் வடிவத்தில் இருக்கும், நல்ல தண்ணீரிலேயே வளரும். அமானோ இறால் அப்படியில்லை. அதன் குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், வீட்டில் அது பெரும்பாடு. கிரிஸ்டல் இறால் அழகுதான், ஆனால் குளிர்ந்த மென்னீர் கேட்கும். நமக்குச் சரிப்படாது.

ஆற்றில் பிடித்து விடலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். ஆற்று இறாலில் பல வகை குஞ்சுப் பருவத்தில் கழிமுகத்து உப்பைத் தேடும். கொடுக்கு நீண்டவை சின்ன இறாலைப் பிடித்துத் தின்றும்விடும்.

ஒரே நிறமாக வாங்குங்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே இனம்தான். கலந்து விட்டால் சில தலைமுறையில் குஞ்சுகள் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும்.

தொட்டி

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். நாற்பது லிட்டர் அளவு பிடிக்கும். மேசை மேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் இதற்கு ஆகாது. தண்ணீர் குறைவாக இருந்தால் மத்தியானத்துக்குள் சூடேறிவிடும்.

அடியில் கழுவிய பொடிச் சல்லி, ஒரு கைப்பிடி ஜாவா பாசி, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். மோட்டார் ஃபில்டர் வாங்காதீர்கள். அது குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சில் படியும் நுண்ணுயிர்தான் குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடு. கரண்ட் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தண்ணீர்: இங்கே அவசரப்படாதீர்கள்

குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சில சொட்டு விடுங்கள். செம்புத் தவலையில் பிடித்து வைத்த தண்ணீர் நமக்கு நல்லது, இறாலுக்கு விஷம். தாமிரம் கொஞ்சம் இருந்தாலும் இறால் தாங்காது. மீனுக்கு விடும் சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு, லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

போர் தண்ணீர்தான் கதி என்கிறவர்கள் முதலில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். செர்ரி இறாலுக்கு 150 முதல் 300 வரை வசதியான அளவு. 800 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கு, 30 காட்டும் ஆர்ஓ தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் 220 பக்கம் வந்து நிற்கும். வெறும் ஆர்ஓ தண்ணீரில் விடக் கூடாது. இறால் சட்டை உரித்துப் புது ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது கிடைக்காவிட்டால் பழைய ஓடு கழுத்தருகே வெள்ளை வளையமாகப் பிளந்து நிற்கும், கழற்ற முடியாமல் இறால் செத்துப்போகும். தண்ணீர் ரொம்ப மென்மை என்றால் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, இறால் இல்லாமலே நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். சொட்டு விட்டுச் சோதிக்கும் கிட் மீன் கடையில் கிடைக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குள் என்று காட்டினால் தொட்டி தயார். கடை அண்ணாச்சி "இன்னைக்கே விடலாம், ஒண்ணும் ஆகாது" என்பார். அவருக்கு வியாபாரம்.

இறாலை இறக்குவது

பத்துப் பதினைந்து வாங்குங்கள். பெண் பெரிதாக, அடர் சிவப்பாக, வயிறு அகன்று இருக்கும். ஆண் சிறுத்து வெளிறியிருக்கும். பாதி வளர்ந்தவற்றை வாங்கினால் புது இடத்துக்குச் சீக்கிரம் பழகும்.

பையைப் பிரித்து அப்படியே கொட்டாதீர்கள். இறாலைப் பை தண்ணீரோடு ஒரு டப்பாவில் விட்டுத் தரையில் வையுங்கள். ஏர் ட்யூபில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை வாயால் உறிஞ்சி விட்டால் தண்ணீர் இறங்கும். நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி முடிச்சை இறுக்குங்கள். டப்பாத் தண்ணீர் மூன்று மடங்கு ஆகும்வரை, ஒன்றிரண்டு மணி நேரம், பொறுங்கள். அப்புறம் வலையில் எடுத்து இறாலை மட்டும் தொட்டிக்குள் விடுங்கள்.

முதல் இரண்டு நாள் பாசிக்குள் ஒளிந்தே கிடக்கும். தொட்டியைத் தட்டித் தேட வேண்டாம்.

சாப்பாடு

தெருவோரப் பாதாம் மரத்தடியில் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலை கிடக்கும். கழுவி ஒன்றைப் போடுங்கள். ஓரிரு நாளில் ஊறி மூழ்கும். அதன் மேல் படியும் வழவழப்பைத்தான் இறால் நாள் முழுக்கச் சுரண்டித் தின்னும். கடைசியில் நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சும்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டு மரத்து முருங்கைக் கீரையை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் கொடுக்கலாம். சந்தையில் வாங்கிய கீரையில் பூச்சி மருந்து இருக்கும், அது வேண்டாம். இறால் தீனி வாங்கினால் இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

சினை பிடிப்பது

வளர்ந்த பெண்ணின் முதுகில், தலைக்குப் பின்னால், மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டுத் தெரியும். உள்ளே முட்டை தயாராகிறது என்று அர்த்தம். ஒருநாள் அது சட்டை உரிக்கும். அதன் வாடை தண்ணீரில் பரவியதும் ஆண்கள் எல்லாம் தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தறிகெட்டு நீந்தும். தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். (தண்ணீர் மாற்றியதும் எல்லா இறாலும் இப்படி ஓடினால் மட்டும் சந்தேகப்படுங்கள்.)

உரித்த சட்டை கால், மீசையோடு செத்த இறால் போலவே கிடக்கும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தால் அது வெறும் சட்டை. எடுக்காதீர்கள், அதையே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும்.

அடுத்த நாள் பெண்ணின் வயிற்றடியில் இருபது, முப்பது முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீந்து கால்களை விசிறியபடி, அவ்வப்போது ஒரு முட்டையைக் காலால் புரட்டி மறுபடி உள்ளே தள்ளும். ஓயாமல் காற்றோட்டம் கொடுக்காவிட்டால் முட்டையில் பூஞ்சை பிடிக்கும். மூன்று நாலு வாரம் இதே வேலைதான். சூடு கூடினால் நாள் குறையும். பொரிக்கும் சமயத்தில் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும். அவை குஞ்சின் கண்கள்.

சினை இறாலைத் தனித் தொட்டிக்கு மாற்றாதீர்கள். மிரண்டால் முட்டையை உதறிவிடும். பெரிய இறால் குஞ்சைத் தின்பதில்லை, அதனால் பிரிக்கவும் தேவையில்லை. குஞ்சு 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். முதலில் ஸ்பாஞ்சின் மேல் தேடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவையே சினை பிடிக்கும். கப்பி மீன் இருக்கும் தொட்டியில் மட்டும் குஞ்சை எதிர்பார்க்காதீர்கள்.

கோடை

செர்ரி இறாலுக்கு 22 முதல் 26 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டினால் சினை பிடிப்பது குறையும். தண்ணீர் சூடேற ஏற அதில் ஆக்சிஜன் கரைவதும் குறையும். பாளையங்கோட்டைச் சித்திரையில் மாடி அறைத் தொட்டி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஐப்பசி மழை தொடங்கும்போது ஆரம்பியுங்கள், கோடைக்குள் இறால் கூட்டம் நிலைத்துவிடும். தென்காசிப் பக்கத்துக்காரர்கள் சாரல் காலத்திலேயே தொடங்கலாம்.

தொட்டி தரைத்தள அறையில், மேற்குச் சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். வெயில் காலத்தில் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டுங்கள், பல்லியும் விழாது. சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மேற்பரப்பில் படும்படி சாய்த்து வைத்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள உவரி, கூடங்குளம் பக்கம் பலன் கொஞ்சம் குறைவு. ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் போடுவது வேண்டாத வேலை, திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிட மோசம்.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரைச் சன்னமாக விடுங்கள்.

கொசு மருந்து

தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, லிக்விட், ஸ்ப்ரே எதுவும் கூடாது. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். தெருவில் புகை மருந்து அடிக்க வரும்போது ஜன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். புகை அடங்கியதும் மறக்காமல் பம்பைப் போடுங்கள்.

பெருகிய பிறகு

ஆறேழு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். "கூனி மாதிரி வறுத்துவிடலாமா?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்கள். மிச்சத்தை ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள், வெளிநாட்டு உயிர் அங்கே பெருகினால் பிடித்து எடுக்க வழியில்லை. தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். முதல் நாள் தீனியை நிறுத்துங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் பாசி. பையைத் துணியில் சுற்றி, காலை வெயில் ஏறுமுன் கொடுத்தனுப்புங்கள்.